களஞ்சியத்தின் அக்கா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நல்ல கதைகள் அன்பில்தான் பிறக்கும் என்று நூலக வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு சொன்னது. பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் போட்டி. கதாநாயகிக்குத் தன்னம்பிக்கை இருக்க வேண்டும். முடிவு மனத்துக்கு இதமாக இருக்க வேண்டும். பெரியவர்களைக் கேலி செய்யக் கூடாது. (இந்தக் கடைசி விதியைப் படித்த பிறகுதான் எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.)

இன்னொருத்தியின் நிழலில் வாழும் பெண்ணைப் பற்றிய நாவல். இப்படிப்பட்டவை நூலகத்தில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நாய்க்குட்டி வரும். ஆறாம் அத்தியாயத்தில் அவளுக்கு அற்புதமாகப் படம் வரையத் தெரியும் என்று எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். அதுவரை வீட்டிலிருந்தவர்களின் கண் எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

என் நாவலில் நாய்க்குட்டி கிடையாது.

2

முதல் வரிக்கு முயன்றவை:

"அழகிய சிறு நகரம் ஒன்றில்" (அழகாவது மண்ணாவது.)

"அவள் ஒரு மொட்டைப் போல, மலரக் காத்திருக்கும்" (சீ.)

"பெரியவள் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள்." இது இருக்கட்டும்.

பெரியவள் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு." கட்டிலில் குப்புறப் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தாள் சின்னவள். "இதெல்லாம் ஒரு கேள்வியாடி? தொட்டில்ல கிடக்கறது சொல்லும்."

"அக்காவ டீ போட்டுப் பேசாதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று மெஷினை நிறுத்தாமலே அதட்டினாள் அம்மா. அதட்டல் சின்னவளுக்கு, பார்வை பெரியவளுக்கு. "நீ ஏன் நிறுத்திட்ட? அடுத்தது கேளு. கையும் ஓடட்டும்."

அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலைக்காக வீட்டிலிருந்தே காலர் தைப்பவள். தைத்த காலர்களில் தொங்கும் நூலை வெட்டுவது பெரியவளின் வேலை. வயது பதினான்கு, போன வருடம் பள்ளியை விட்டவள். சின்னவளுக்குப் பன்னிரண்டு. வினாடி வினாக்களில் அவள் வாங்கிய கோப்பைகள் பீரோ மேல் இடமில்லாமல் குளியலறை ஜன்னல்வரை வந்துவிட்டன. தெருவில் அவளுக்குப் பெயர் களஞ்சியம். பெரியவளுக்குப் பெயர் களஞ்சியத்தின் அக்கா.

களஞ்சியத்தை நிரப்புவது யார் என்று தெரு கேட்டதில்லை. நூலகத்துக்குப் போய், தடித் தடிப் புத்தகமாகப் புரட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று சீட்டெழுதி, நாலு செருப்புப் பெட்டிகளில் அடுக்கியவள் பெரியவள்தான். ஆயிரத்து அறுநூறு சீட்டுகள். தினமும் சாயங்காலம் கேட்பதும் அவளே. எல்லாப் பதிலும் அவளுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

3

இங்கே ஒரு சிக்கல். பெரியவள் ஏன் பள்ளியை விட்டாள்?

"வறுமையின் கொடுமையால்" என்று எழுதினேன். நடுவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். எடுக்க வேண்டாம் என்று அடித்துவிட்டேன். உண்மைக் காரணம் அற்பமானது. ஆசிரியை கேள்வி கேட்பார். பெரியவள் எழுந்து நிற்பாள். பதில் நாக்கு நுனிவரை வரும், வாய் திறக்காது. வகுப்பு சிரிக்கும். ஒரு திங்கட்கிழமை அவள் கிளம்பவில்லை. அம்மா இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

(இது நான் இல்லை. பெரியவளுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு, எனக்குக் கிடையாது. போதுமா?)

4

வினாடி வினா இறுதிப் போட்டி. ஜெயித்தால் பெருநகரத்தில், விடுதியோடு கூடிய பெரிய பள்ளியில் இடம். அம்மா சின்னவளின் துணிகளிலெல்லாம் பெயரைத் தைத்தே வைத்துவிட்டாள், உள்பாவாடை உட்பட.

எதிர்மேசைக்காரி ஒரு புள்ளி முன்னால். கடைசிக் கேள்வி சின்னவளுக்கு. அதற்கு இரண்டு புள்ளி. கேள்வி கேட்பவர் கோட்டு போட்டவர். தான் கேட்ட கேள்விக்குத் தானே "பலே" போட்டுக்கொள்பவர். (கேலி செய்யக் கூடாதாம்.)

"எந்தக் கிரகத்துல ஒரு நாள், அதோட ஒரு வருஷத்தைவிட நீளம்? பலே!"

சின்னவள் விழித்தாள்.

அந்தக் கேள்விக்குச் சீட்டு இருந்தது. பெரியவள் எழுதியதுதான். எழுதி முடித்ததும் பெட்டியில் போட மனம் வரவில்லை. வருடத்தைவிட நீளமான ஒரு நாள் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. ஒன்றையாவது தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

(பொறாமையா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். பிடித்திருந்தது என்கிறாள். பிடித்ததை ஏன் தங்கைக்குக் காட்டவில்லை என்றால் காலரை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிடுகிறாள்.)

"நேரம் முடிஞ்சது! கேள்வி இப்ப பார்வையாளர்களுக்குப் போகுது! சரியாச் சொல்றவங்களுக்கு ஒரு பேனா!"

நடுவர்களுக்கான வரைவு: பெரியவள் எழுந்தாள். "வெள்ளி கிரகம்!" என்று முழங்கினாள். அரங்கம் அதிர்ந்தது. தங்கை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொ

த்தூ. தங்கை தோற்ற இடத்திலேயே அக்கா பேனா வாங்குவாளாம், தங்கை கட்டிக்கொள்வாளாம். இதையெல்லாம் எழுதுகிறவர்களுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது போலிருக்கிறது.

நடந்தது இது: பெரியவள் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் பதிலைச் சொல்லி, பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதற்கு முன்பே பெரியவளின் உதடுகள், சத்தமில்லாமல், அந்தப் பதிலைச் சொல்லியிருந்தன. மேடையிலிருந்த சின்னவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது அக்காவைத்தான்.

5

பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டாம் பரிசுக் கோப்பையை அடுத்தவர் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள். பிள்ளைகள் பின் சீட்டில்.

"உன் வாய் அசைஞ்சுச்சு," என்றாள் சின்னவள்.

"எப்ப?"

"நடிக்காத. அந்தச் சீட்டு எந்தப் பெட்டில இருந்துச்சு? நாலு பெட்டியும் எனக்கு மனப்பாடம்டி. அதுல இல்ல."

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பஸ்ஸை உரசிக்கொண்டு ஒரு லாரி நின்றிருந்தது. பார்க்க அதன் தார்ப்பாய் மட்டும்தான்.

"அக்கா." பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல். அதற்கு 'டீ'யே தேவலாம். "ஏன்கா அது ஒண்ண மட்டும் எனக்குச் சொல்லல?"

6

முடிவு ஒன்று: இருவரும் அழுகிறார்கள், மன்னிக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே வானவில். அறிவிப்பு ஒட்டியவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

முடிவு இரண்டு: "மத்த எல்லாத்தையும் சொன்னேனே, அதுக்கு ஒரு நாளாவது மேடைல என் பேரைச் சொன்னியா?" என்று பெரியவள் கத்துகிறாள். எழுதும்போது கை சூடானது. ஆனால் வகுப்பில் வாய் திறக்காதவள் பஸ்ஸில் திறப்பாள் என்று நானே நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

ஆகவே இந்தப் பக்கத்தின் கீழே நாலு வரி காலியாக விட்டிருக்கிறேன். பெரியவள் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் எழுதுங்கள். புத்திசாலித்தனமாக வேண்டாம், பேசத் தெரியாத ஒருத்தி சொல்லக்கூடியதாக இருந்தால் போதும். கொஞ்சம் சீக்கிரம். நாலு நாளாகப் பெட்டிகள் திறக்கப்படவில்லை, சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

"மறந்துட்டேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்பவில்லை.