ஜான்சி சொல்லாமல் விட்டது

வெள்ளிக்கிழமை காலை குளிக்கும்போதுதான் ஜான்சியின் கையில் அது தட்டுப்பட்டது. ஆசனவாய் ஓரத்தில் திராட்சை அளவில் ஒரு கட்டி. தொட்டவுடன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாளாக மலம் போகாமல், முந்தின நாள் மூச்சடக்கி முக்கியதன் பலன் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டிவாக்கம் குப்பத்தில் வீடு. திருவான்மியூர் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறாள். அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் விடியற்காலையிலிருந்து மதியம் இரண்டு மணிவரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அன்றைக்கு நின்றுகொண்டே வியாபாரம் செய்தாள். ஆனால் மீனை வெட்டித் தர அருவாமனையில் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு கிலோ சங்கராவை வெட்டி முடிப்பதற்குள் புடவை வியர்வையில் நனைந்துவிட்டது. பக்கத்தில் கடை போடும் காவேரி அதைக் கவனித்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"இடுப்பு வலி. ஒன்னும் இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் ஏசுராஜ் வீட்டுக்குள் வந்தபோது ஜான்சி கட்டில் ஓரம் முழங்காலிட்டு, தலையை மெத்தையில் சாய்த்திருந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் வாசல்படியில் போய் உட்கார்ந்தார். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தார். அப்படியே இருந்தாள்.

"இன்னா ஜான்சி, இவ்ளோ நேரமா ஜெபம்?"

"ஜெபம் இல்லய்யா. உக்கார முடியல. படுக்கவும் முடியல."

"எங்க வலி?"

இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷனிடம் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சூட்டுக்கட்டி" என்றாள். அவர் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்து கட்டிலில் வைத்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் வெளியே போனார்.

ஞாயிறு அன்று எல்லா மீனையும் காவேரிதான் வெட்டினாள். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூலமாக்கா?"

ஜான்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

"இதுக்கா ரெண்டு நாளா செத்துகினு கீறே? ரெண்டாவது பிள்ள பொறந்தப்ப எனக்கும் வந்துச்சு. அகலமான டப்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் உக்காரு, வலி இறங்கும். நாளைக்கு நானும் வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஊசி போட்டு ஒரே நாள்ல சரி பண்றாங்களாமே, போர்டு பாத்தேன்."

"அந்த மாதிரி எடத்துல இன்னாவோ ஊசி போட்டுக்கினு எங்க நாத்தனார் ஒரு மாசம் சீழோட படுத்துச்சு. அதெல்லாம் வேணாம்."

அன்று வீட்டில் மூன்று முறை வெந்நீரில் உட்கார்ந்தாள். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் கொஞ்சம் தூங்க முடிந்தது.

திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டராக இருந்தால் திரும்பிவிடுவது என்ற முடிவோடுதான் வரிசையில் நின்றாள். உள்ளே இருந்தது கைசர் ஜஹான் என்ற பெண் டாக்டர். காவேரியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, திரை போட்டுப் பார்த்தார்.

"வெளி மூலம்மா. தோலுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு, அதான் இவ்ளோ வலி. முதல் ரெண்டு மூணு நாள்ல வலி தாங்கலன்னா சின்னதா கீறி எடுப்போம். உங்களுக்கு இறங்க ஆரம்பிச்சிடுச்சு, தானா கரைஞ்சிடும். வெந்நீர்ல உக்கார்றத விடாதீங்க. மலம் இளகறதுக்கு மருந்து தரேன். தண்ணி நல்லா குடிக்கணும், கீரை, காய், பழம் சாப்பிடணும். முக்கக் கூடாது."

"சரிங்கம்மா."

"ரத்தம் போகுதா?"

"இல்லம்மா."

யோசிக்காமல் வந்த பதில் அது. டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஜுரம் வந்தா, வலி அதிகமானா உடனே வரணும். மலத்தோட கலந்து ரத்தம் வந்தாலோ, கறுப்பாப் போனாலோ, உடம்பு இளைச்சாலோ, மூலம்தான்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. அது வேறயா இருக்கலாம்."

ஜான்சி சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காவேரி ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. நான்கு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வலியே இல்லாமல், கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து. அவள் அப்பாவுக்கு மூலம் இருந்தது, அவருக்கும் ரத்தம் போகும், அதனால் இதுவும் அதுதான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்குத் தைத்த ஜாக்கெட் இப்போது தோளில் நிற்பதில்லை. வெயிலில் அலைகிற உடம்பு, இளைக்கத்தான் செய்யும் என்று அதையும் தள்ளிவிட்டிருந்தாள்.

"காவேரி, மருந்து வாங்கி வை. நான் உள்ள போய்ட்டு வரேன்."

அடுத்த ஆள் உள்ளே இருந்தார். காத்திருந்து, அவர் வெளியே வந்ததும் நுழைந்தாள்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போதிலிருந்து, என்ன நிறம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நிதானமாகக் கேட்டார். இன்றைக்கு உள்ளே பரிசோதித்தால் வலி தாங்காது என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும், இரண்டு வாரத்தில் குழாய் விட்டு உள்ளே பார்ப்பதற்கும் தேதி போட்டார். "கட்டி சரியாயிடுச்சுன்னு வராம இருந்துடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

டாக்டர் பயந்தது போலவே நடக்கப் பார்த்தது. பத்து நாளில் கட்டி வற்றிவிட்டது. ஜான்சி பழையபடி உட்கார்ந்து மீன் வெட்டினாள். ரத்தம் வருவதும் ஒரு வாரம் நின்றிருந்தது. பரிசோதனைக்கு முந்தின நாள், "இப்பதான் நல்லாயிட்டேனே, எதுக்கு?" என்றாள்.

ஏசுராஜ் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். தேதி போட்ட சீட்டை அவரும் பார்த்திருந்தார். நிமிராமலே சொன்னார். "நாளைக்கு நான் கடலுக்குப் போகல. ரெண்டு பேரும் போறோம்."

பெருங்குடலில் ஒரு கட்டி இருந்தது. சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் இருவரும் மீன் விலையையும் காற்றையும் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. புற்றுநோய் என்று வந்தது. வேறு உறுப்புக்குப் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள்.

குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். ஐந்தாவது நாள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது ஏசுராஜ் பக்கத்து ஸ்டூலில் இருந்தார்.

"நானும் பாத்தேன்" என்றார்.

"எத?"

"ரத்தத்த. உன் பாவாடைல. ரெண்டு மூணு தடவ. பொம்பள சமாச்சாரம்னு நெனச்சுக்கினு கேக்கல."

ஜான்சி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "எனக்கு அது நின்னு ரெண்டு வருஷம் ஆவுதேய்யா."

"தெரியாது" என்றார் அவர். அவள் சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை. வார்டில் யாரோ இருமினார்கள். அவர் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மீதிக் கஞ்சியை ஊட்டத் தொடங்கினார். அவள் மறுக்கவில்லை.

ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டவில்லை, ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போய் ஐஸைத் தொட முடியாமல் ஆனது. இப்போது வெட்டுகிற வேலை காவேரியுடையது, விற்பது ஜான்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அந்தத் தேதி நெருங்கும் வாரத்தில் இருவருக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. காலையில் ஏசுராஜ் முதலில் கேட்கிற கேள்வி, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" அவள் கூச்சப்படாமல் பதில் சொல்கிறாள்.