ரோஜாவின் மரு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் மூக்கின் மேல் இருக்கும் மரு. பத்திரிகைக்காரர்கள் என் படம் கேட்டார்கள். (என் எழுத்தைப் படித்து நொந்துபோய், குற்றவாளியின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம்.) கீழ ராஜவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஞானராஜிடம் போய் எடுத்துக்கொண்டேன். படம் வந்தது. மரு வரவில்லை.

"மரு எங்கேம்மா?" என்று ஞானராஜின் மனைவி ஜெபமாலையம்மாளைக் கேட்டேன். படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டில் கூரான பென்சிலை வைத்துக்கொண்டு ஊரார் முகங்களைச் சீர்செய்வது அந்த அம்மாள்தான்.

"அதெல்லாம் மூடிட்டேங்க. மருவை யாரு கேட்டு வாங்குறா? ரோசாப்பூவுக்கு வந்ததையே மூடுனவ நான்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்களை அப்படியே விட்டுவிடும் வழக்கம் எனக்குக் கிடையாது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வைகறைப் பனி தூங்கும் ரோஜா இதழ்களின் மேல் ஒரு கலாரசிகரின் கண்கள்—"

அடித்துவிட்டேன். ரிட்டயர்டு தாசில்தார் ரெங்கசாமியின் கண்களுக்கு இத்தனை செலவு ஆகாது.

அடுத்தது: "ரெங்கசாமி ஒரு—" இதற்கப்புறம் வந்த சொல்லை அச்சாபீசில் கோர்க்க மாட்டார்கள்.

சரி, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருக்கோகர்ணத்தில் வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம், கழுத்தில் ஜெர்மனிக் கேமரா. 'கேமரா' என்று சொன்னால் அவர் திரும்ப மாட்டார். 'ஜெர்மனி' என்று சொன்னால் திரும்புவார். பறக்கும் தேனீயைப் பறக்கும்போதே படம் பிடித்துக் கிளப்புச் சுவரில் மாட்டப் போவதாக எல்லோர் முன்னாலும் சபதம் செய்துவிட்டார். பிளேட்டைக் கழுவித் தர வேண்டியவர் ஞானராஜ். அரண்மனையில் நடக்கும் தசரா தர்பாரில் உத்தியோகஸ்தர்களை நிற்கவைத்துப் படம் எடுப்பது யார் என்று முடிவு செய்யும் கமிட்டியிலோ ரெங்கசாமி இருக்கிறார்.

"தேனீ வந்தா தர்பார் ஒனக்கு, ஞானராஜு. வரலேன்னா திருச்சியிலேருந்து ஆளைக் கூப்பிட்டுக்குவோம்" என்றார்.

படம் வந்தால் எடுத்தவர் சாமர்த்தியம். வராவிட்டால் கழுவியவன் தப்பு. தாலுக்கா ஆபீசில் ஆயுள் முழுக்கப் பழகிய நியாயம்.

3

அவருடைய பெங்களூர் ரோஜாக்களை எந்தத் தேனீயும் சீண்டவில்லை. எல்லாம் கிணற்றடி முருங்கைப் பூவிலேயே கிடந்தன.

"அங்கிட்டே வச்சு எடுத்துப்புடலாமே சார்" என்று ஞானராஜ் சொல்லிப் பார்த்தார்.

"முருங்கையா? நாலு பெரிய மனுசன் வந்து பார்க்குற சுவத்துல முருங்கையாய்யா?"

தோட்டக்காரன் ராக்கன் யோசனை சொன்னான்: "வெல்லப்பாகைத் தடவுனா மொய்ச்சுக்கிட்டு வரும் எசமான்."

தடவினார்கள். மொய்த்துக்கொண்டு எறும்பு வந்தது.

[எறும்புகளைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எந்தத் தாலுக்கா ஆபீசையும்விட அவை ஒழுங்காக வேலை பார்த்தன என்பது அதன் சாரம். கதைக்கு வேண்டாததால் நீக்கினேன். வருத்தம்தான்.]

பூவைக் கழுவி, மறுபடி காத்திருந்தார்கள். தேனீக்களுக்கும் சபலம் உண்டுபோலும். கடைசியில் ஒன்று வழிதவறி ரோஜாப் பக்கம் வந்தது. ரெங்கசாமி கேமரா விசையை அமுக்கினார். "புடிச்சாச்சுடா!" என்று கத்தினார்.

(இந்த இடத்தில் தேனீ அவரைக் கொட்ட வேண்டும் என்று மிகவும் விரும்பினேன். விசாரித்தேன். கொட்டவில்லையாம்.)

4

ஞானராஜ் பிளேட்டைக் கழுவிப் பார்த்தார். பிளேட்டில் எல்லாம் தலைகீழ்: வெளுத்த ரோஜா கறுப்பாகத் தெரியும், கறுத்த தேனீ வெளுப்பாகத் தெரியும். ரோஜாவின் ஓரத்து இதழுக்கு முன்னால், அதைத் தொடாமல், அரிசி அளவுக்கு ஒரு வெளுத்த புள்ளி இருந்தது. சிறகு இல்லை, கால் இல்லை. ஆனாலும் தேனீதான். சந்தோஷத்தில் யாரிடமும் சொல்லாமல் பிளேட்டைக் காயவைத்துவிட்டு, ஆவூர்க் கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் புள்ளியைக் காணோம்.

"ஜெபமாலை! தேனீ எங்கே?"

"எந்தத் தேனீ? பூவுல அம்மைத்தழும்பாட்டம் ஒண்ணு இருந்துச்சு. பென்சிலை வச்சு மூடிட்டேன்."

"அடிப்பாவி! அதாண்டி தேனீ!"

"அதுவா? அதைக் கொண்டுபோய்க் காட்டுனா, 'நீ கழுவுனதுல கறை'ன்னு தாசில்தாரு உங்களையில்ல வைவாரு?"

ஞானராஜ் டர்பன்டைன் புட்டியை எடுத்தார். அதைத் துணியில் நனைத்து ஒரு தடவை துடைத்தால் பென்சில் போய்விடும். ஆனால் அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அதனால் கையை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் கத்தியை எடுத்து, ரோஜாவுக்கு மேலே வேறிடத்தில், தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு தேனீயைச் சுரண்டி வைத்தாள்; பிளேட்டில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும்.

5

கிளப்புச் சுவரில் போய்ப் பார்த்தேன். தேனீ நிமிர்ந்து நேரே பார்க்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. கல்யாணப் படத்துக்கு நிற்கும் மாப்பிள்ளையின் தோரணை. சிறகு மட்டும் வேட்டியை விரித்த மாதிரி.

"இப்படித்தான்யா என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு! அச்சு அசலா இதேதான்!" என்றார் ரெங்கசாமி. தர்பாரும் ஞானராஜுக்கு என்று ஆகிவிட்டது.

ஜெபமாலையம்மாள் அந்தப் பிளேட்டை என்னிடம் கொடுத்திருக்கிறாள். "வீட்டுல இருந்தா இவரு என்னைக்காச்சும் தொடச்சுப் பார்த்துருவாருங்க. ராத்திரியெல்லாம் தேனீ தேனீன்னு பொலம்புறாரு. தசரா முடியுறவரைக்கும் நீங்க வச்சிருங்க."

என்னை நம்பிக் கொடுத்தாள். நான் எழுதிய எதையும் படித்ததில்லை என்று தெரிகிறது.

(பெயர்களை மாற்றிவிட்டேன். நிஜ ரெங்கசாமி தன் பெயர் அச்சான இடங்களை மட்டுமே படிக்கிறவர்; ஆகவே பயமில்லை.)

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். கிளப்புக்கு வந்த துரை அந்தத் தேனீயைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்று— வேண்டாம். துரைமார் வந்து நமக்குப் புத்தி சொல்லும் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஞானராஜே கிளப்பில் உண்மையை உடைத்தார் என்று— தசராவை விட்டுவிட்டா?

பிளேட் இப்போது என் மேஜையில் இருக்கிறது. பக்கத்தில் டர்பன்டைன். துடைத்தால், பென்சிலுக்கு அடியில் இருக்கும் அந்த அரிசிப் புள்ளி வெளியே வரும்; சுவரில் இருப்பது பொய் என்று தெரிந்து ஞானராஜின் தர்பார் போகும். அதுகூட என்னைத் தடுக்கவில்லை என்று வையுங்கள். துடைத்தால் இன்னொன்றும் நடக்கும்: அந்த மனுஷர் நிஜமாகவே ஒரு தேனீயைப் பறக்கும்போது பிடித்தவர் ஆகிவிடுவார். முருங்கையை அவமதித்து, எறும்புக்கு விருந்து வைத்து, என்னிடம் இத்தனை ஏச்சு வாங்கிய அதே ரெங்கசாமி! இத்தனை பக்கம் நான் எழுதியது அதற்காக அல்ல. எனக்கு அவர் கோமாளியாகவே இருப்பதுதான் சௌகரியம்.

துணி இதோ. துடைப்பதானால் நீங்கள் துடையுங்கள். என்ன தெரிந்தது என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.