முன் பிரேக் நன்றாக இருக்கிறது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை, நான்கு வரி விளம்பரம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் சாருலதா ஒரு காலை படியிறங்கி வந்தார். தன் பைக்கை விற்கப்போவதாகவும், ஹைதராபாத் தமிழர்கள் வாட்ஸப் குழுவில் போட நான் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் எண்ணம். அவருடைய வலது மணிக்கட்டில் ஆபரேஷன் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

விற்பதற்கு என்ன காரணம் போடலாம் என்று கேட்டேன்.

"எனக்கு வண்டி நக்கோ அண்ணா, வேணவே வேணாம். நாப்பத்தஞ்சு வயசுல கத்துக்கிட்டது தப்பு. என் கைக்கு அது வராது, அவ்ளோதான்" என்றார்.

அந்த வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அது பொய் என்று மறுநாள் எனக்குத் தெரிந்துவிட்டது.

2.

விளம்பரம் நின்று கதை தொடங்கியபோது முதல் வரிக்காக மூன்று நாள் அலைந்தேன். அடித்துப் போட்டவற்றை மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

(அ) "பாலாநகரில் ஷிப்ட் சங்கு ஊதும்போது சம்பந்தம் தன் ஸ்பானர்களை..." பத்து வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், ஒரு சங்கும் என் காதில் விழுந்ததில்லை. அழகுக்குச் சேர்த்தது.

(ஆ) "கீழே விழுந்த கணத்தில் சாருலதா நினைத்தது..." அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிச்சலும் இல்லை.

(இ) "முன் பிரேக்கைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன்..." இது உண்மை. ஆனால் இதற்கு மேல் பேனா நகரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

3.

சம்பந்தம் சாருலதாவின் கணவர். திருநெல்வேலிக்காரர். விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை. சாருலதா மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அமீர்பேட்டில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் கணக்கு சொல்லித் தருகிறார். மெட்ரோ இருக்க பைக் எதற்கு என்று கேட்டவர்களிடம், ஓட்ட ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார். அந்த ஆசை சம்பந்தத்துக்குப் பிடித்திருந்தது.

பழைய நூற்றிருபத்தைந்து சிசி வண்டி ஒன்று வாங்கினார்கள். மெக்கானிக்கிடம் விடவில்லை. பார்க்கிங்கில் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஞாயிறுதோறும் சம்பந்தமே உட்கார்ந்து அதை மனைவியின் அளவுக்கு மாற்றினார். சீட்டின் பஞ்சைச் சீவி இரண்டு அங்குலம் இறக்கினார். ஹேண்டில்பாரை அவர் பக்கம் வளைத்து வைத்தார். பிரேக் பிடி அவர் விரலுக்கு எட்டுமாறு நெருக்கினார். தையற்காரர் போல ஒவ்வொன்றுக்கும் மனைவியை உட்காரவைத்து அளவு பார்த்தார். அந்த ஞாயிறுகளில்தான் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

(இங்கே என் சந்தேகம் ஒன்று. சம்பந்தத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக வரைகிறேனோ? வரைகிறேன்தான். அவர் செய்ததைச் சொல்லும்போது நீங்கள் அவரைக் கைவிட்டுவிடக்கூடாதே என்ற பயம்.)

4.

அவர் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை அளந்து முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் பேனாவால் மஞ்சள் கோடு ஒன்று போடுவார்கள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று பொருள். பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. சம்பந்தம் இந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சாருலதாவும் கற்றுக்கொண்டார். தினமும் சாவி போடுவதற்கு முன் குனிந்து கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒரு ஞாயிறு சம்பந்தம் முன் பிரேக்கின் தேய்ந்த கட்டைகளை மாற்றினார். பிரேக்கை வண்டியோடு பிடித்திருப்பவை இரண்டே போல்ட். இரண்டையும் விரலால் திருகி வைத்தார். கீழ் போல்ட்டை முறுக்கினார், கோடு போட்டார். பெயிண்ட் பேனா கையிலேயே இருந்தது. அப்போது போன் வந்தது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். பேசப்பேசக் கை தன்பாட்டில் மேல் போல்ட்டிலும் கோடு போட்டுவிட்டது. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள். பேசி முடித்துத் திரும்பியபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. முறுக்கினோமா என்று அவர் மனசைக் கேட்கவே இல்லை. வேறொருவர் என்றால் வெறும் மறதி என்று சொல்லலாம். இவர் கோட்டை நம்பினார். ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியை மூடினார்.

அந்தப் போனைச் செய்தவன் நான். பொங்கல் விழாவுக்கு மைக் செட் யார் பொறுப்பு என்று கேட்கக் கூப்பிட்டேன். பதினொரு நிமிஷம் பேசியிருக்கிறேன். என் போனில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

5.

ஒன்பதாம் நாளும் சாருலதா இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். பரத் நகர் பாலம் இறங்கும் இடத்தில், அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்த மேல் போல்ட் கழன்று விழுந்தது. பிரேக் சாய்ந்து சக்கரத்தில் சிக்கியது. முன்சக்கரம் நின்றுவிட, சாருலதா தூக்கியெறியப்பட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சட்டென்று ஒதுங்கியதால் உயிர் தப்பியது. மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த சம்பந்தம், வண்டியை அதுவரை பார்க்கவில்லை. பதற்றத்தில் ஒன்று கேட்டுவிட்டார்: "முன் பிரேக்க மட்டும் புடிச்சியா?"

புதிதாகக் கற்றவர்கள் செய்யும் தவறு அது. அப்படிச் செய்யாதே என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். சாருலதா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார்.

மாலையில் பார்க்கிங்கில் கிடந்த வண்டியைப் பார்த்தபோதுதான் சம்பந்தத்துக்கு விஷயம் புரிந்தது. மேல் போல்ட் இருந்த இடம் வெறும் ஓட்டை. பக்கத்து உலோகத்தில் பாதிக் கோடு மட்டும் மிச்சம். மறுவாரம் புது போல்ட் போட்டார், அளந்து முறுக்கினார், கோடு போட்டார். மேலே போய் மனைவிக்குச் சாதம் பிசைந்து ஊட்டினார். கேட்ட கேள்வியை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சொல்லக் கிளம்பி, ஒவ்வொரு நாளும் ஒத்திப்போட்டார். அவர் பயந்தது மனைவியின் கோபத்துக்கு அல்ல. இனி தன் கைபட்ட எதையும் சாருலதா நம்பமாட்டாரே என்பதற்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்துக்காக வண்டியைப் பார்க்கப் போனேன். "முன் பிரேக் நன்றாக இருக்கிறது" என்று போடலாமா என்று சம்பந்தத்திடம் கேட்டேன். இத்தனை வருஷம் சோதித்த கருவிகளுக்குக் கையெழுத்துப் போட்டே வாழ்ந்த மனுஷரால் அந்த ஒரு வரிக்குத் தலையாட்ட முடியவில்லை. சொல்லி அழுதார்.

6.

இனி முடிவு வேண்டும். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சாருலதா ஒருநாள் வண்டியருகே குனிகிறார். ஒரு போல்ட் மங்கலாகவும் இன்னொன்று புத்தம்புதிதாகவும் இருப்பதைப் பார்த்துத் தானே கண்டுபிடித்து... வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் விழுந்த நாளிலிருந்து அவர் அந்த வண்டியின் பக்கமே போகவில்லை. பார்க்கிங்கின் மறுபக்கமாகச் சுற்றித்தான் வெளியே போகிறார்.

இரண்டு: சம்பந்தம் சொல்வதே இல்லை. வண்டி போய்விடுகிறது. இருவரும் நன்றாகவே வாழ்கிறார்கள். சாருலதா தன்னைப் பற்றி ஒரு தவறான முடிவோடு கடைசிவரை மெட்ரோவில் போய்வருகிறார். இது சுலபமாக நடந்துவிடக்கூடியது.

7.

இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு நேற்று மூன்றாம் மாடிக்குப் போனேன். சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த பொருளைப் பார்ப்பதுபோல வரிவரியாகப் படித்தார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. நாலாம் பகுதியில் என் போனைப் பற்றி எழுதியிருந்த பத்தி வந்ததும் பேனா கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இத எடுத்துரும் வே. வேலைக்கு நடுவுல போன் வந்தா, முடிச்சிட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அதான் சட்டம். மத்தவனுக்கெல்லாம் நான்தான சொல்லிக் குடுத்தேன். இதுல ஒமக்குப் பங்கு கெடையாது."

நான் எடுக்கவில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். அவர் என்னை விடுவித்தாலும் நான் விடுபட வேண்டுமே.

முடிவுகளைப் படித்தார். இரண்டையும் வேண்டாம் என்றார். இதை அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்வதா என்று கேட்டார். அது எனக்கான கேள்வி அல்ல. பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். சாருலதா இடது கையால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, என்ன ஏது என்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில வச்சு ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேம்லா, சாரு" என்று தொடங்கினார்.

நான் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

8.

இந்தப் பகுதி என்னுடையதல்ல. கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கலாம்தான். எழுதுகிறவன் அதைச் செய்யக்கூடியவன் என்று எனக்கே தெரியும் என்பதால்தான் வேகமாக இறங்கினேன். இன்று காலை இருவரையும் படியில் பார்த்தேன். வணக்கம் சொன்னார்கள். முகத்திலிருந்து எதையும் படித்துவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் நீங்கள் குனிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது, இது என் கைக்கு வராது என்று எதையாவது விட்டிருப்பார்கள். அவர்களை அப்படி நினைக்கவைத்த கேள்வி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். உங்களுடையது என்றால், இந்தக் கதையின் மீதியை அவர்கள் எதிரே உட்கார்ந்து நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.