மேஸ்திரிக்கு எதிராக ஏழு பராதிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடராமனை நேரில் பார்த்தால் எல்லோரும் ‘சாமி’ என்பார்கள். அவர் முனை திரும்பியதும் ‘பராதி சாமி’ என்பார்கள். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்து நான்கு வருஷம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டாலும், தெருவிளக்கு பகலில் எரிந்தாலும், எவனுடைய ஆடாவது வந்து துளசியைத் தின்றாலும் ஒரு புகார் எழுதிவிடுவார். அந்த ஊர் வழக்கத்தில் அதற்குப் பராதி என்று பெயர். தேதி, நேரம், இடம், கூடவே ஒரு போட்டோ, கவுன்சிலருக்கு ஒரு பிரதி. எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

கடந்த இரண்டு வருஷத்தில் அவர் எழுதியவற்றில் ஏழு, ஒரு நாயைப் பற்றியவை. இஞ்சி, மிளகு குடோன்கள் இருக்கும் சந்தில் வசிக்கும் பழுப்பு நாய் அது. லாரி வந்தால் சுமை இறக்கி முடிகிறவரை பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும் என்பதால் சுமைக்காரர்கள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரையும் கடித்ததில்லை. ஆனால் வெங்கிடராமனின் ஸ்கூட்டரை மட்டும் அதற்கு ஆகாது. காலையில் அவர் பால் வாங்கப் புறப்பட்டால் சந்து முனை வரைக்கும் குரைத்துக்கொண்டே துரத்தும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாய் பிடிக்கும் வண்டி வந்தது. கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளத்துக்குச் சின்னதாக வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது விதி. மூன்று நாய்களை ஏற்றிப் போனார்கள். மறுநாள் பால் வாங்கித் திரும்பியபோது வெங்கிடராமன் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்ததாக அவர் மனைவி ஜெயலக்ஷ்மி எல்லோரிடமும் சொன்னாள்.

ஒரு வாரத்தில் இரண்டு நாய்கள் வெட்டுக் காதோடு திரும்பின. மேஸ்திரி வரவில்லை.

சந்து முனையில் உள்ள சிறிய ஹோட்டலில் மாவாட்டிப் பாத்திரம் துலக்குகிற அங்கம்மாள்தான் தினமும் அதற்குச் சோறு வைப்பவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, தோப்பும்படி என்ற இடத்தைத் தாண்டி இருந்த நாய்க் காப்பகத்துக்குப் போனாள். ஒரு அறக்கட்டளை நடத்துகிற இடம் அது. தகரக் கூரையின் கீழே ஐம்பது நாய்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மேஸ்திரியும் கிடந்தது. அங்கே பொறுப்பாக இருந்த சேவியர், இது உங்கள் நாயா, லைசென்ஸ் எங்கே என்று கேட்டார். தெரு நாய் என்றாள். அப்படியானால் கேட்க நீங்கள் யார் என்றார். எங்கே பிடித்தது என்று பதிவேட்டில் எழுத விட்டுப்போயிருக்கிறது, இடம் தெரியாமல் எங்கே கொண்டுபோய் விடுவது என்றும் கேட்டார்.

அங்கம்மாள் நேராக வெங்கிடராமன் வீட்டுக்கு வந்தாள். கடிதம் எழுதத் தெரிந்த வேறு ஆள் அவளுக்குத் தெரியாது.

“சாமி, மேஸ்திரி நம்ம சந்து நாய்தான்னு ஒரு கடுதாசி எழுதித் தரணும்” என்றாள்.

அவருக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. சும்மா சொன்னால் யார் நம்புவார்கள், எழுத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டாமா என்று நழுவப் பார்த்தார். அதற்குள் ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“ஏழெண்ணம் இருக்காக்கும். போட்டோவோட” என்றாள்.

மறுநாள் வெங்கிடராமன் ஃபைலும் குடையுமாக அங்கம்மாளோடு பஸ் ஏறினார். சேவியர் ஏழு பராதியையும் ஒன்று விடாமல் படித்தார். குரைப்பதை ‘நாகரிகமற்ற தொனி’ என்று வர்ணித்திருந்த நாலாவதை இரண்டு தடவை படித்தார். இந்த நாய் வேண்டாம் என்று ஏழு தடவை எழுதிவிட்டு இப்போது வேண்டும் என்று வந்திருக்கிறீர்களே என்று கேட்டார்.

“வேணும்னு நான் சொல்லலை. எங்க சந்து நாயாக்கும்னு சொல்றேன்” என்றார் வெங்கிடராமன்.

அடையாளம் காட்டக் கூட்டிப் போனார்கள். மேஸ்திரி அவரைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை, குரைக்கவில்லை. தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே கிடந்தது. அது குரைத்திருந்தால் அவர் அன்றே வேலை முடிந்தது என்று திரும்பியிருப்பார். பேசாமல் கிடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்தார். எத்தனை கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணினார். ஒன்பதில் இருந்தது. சங்கிலியைக் குடையால் அளந்தார். குடை நீளம்கூட இல்லை. தாழ்வாக இருந்த தகரக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று விரலை உதறினார்.

சேவியர் கெட்ட மனுஷர் இல்லை. இரண்டே வேலையாட்கள், தரை கழுவுவதுகூடத் தான்தான் என்றார். மேலே இருப்பவர்களிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாராம்.

“எழுதிக் குடுத்தேளா?”

“இல்ல சாமி, வாயாலதான்.”

“வாயால சொன்னா அது பராதியாகுமோ?” என்று சொல்லிவிட்டு, வெங்கிடராமன் அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முதல் கையெழுத்து சேவியருடையது.

அன்று மத்தியானமே மேஸ்திரி காப்பக வண்டியில் சந்துக்கு வந்து சேர்ந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அங்கம்மாள் நினைத்தாள். வெங்கிடராமன் விடவில்லை. காப்பகத்து பெஞ்சில் எழுதியதையே அறக்கட்டளைக்கு மனுவாக மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, சந்திலுள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். அவள் முதலில் தனக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். ‘பிராணிகள் பெரும் இன்னலுக்கு ஆளாகின்றன’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“இது யாருக்குப் புரியும் சாமி? தண்ணியில்லாமத் தவிக்குதுன்னு எழுதுங்க.”

முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தில் தன் கடிதத்தை ஒருவர் திருத்துவது அதுவே முதல் தடவை. கால் மணி நேரம் வாதாடினார். கடைசியில் இரண்டையும் எழுதினார். அங்கம்மாள் குடோன் குடோனாக ஏறி இறங்கினாள். சுமைக்காரர்கள், ஹோட்டல் ஆட்கள், ஜெயலக்ஷ்மியின் பஜனைக் குழு என்று நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெரியவர்கள் சாயா கொடுத்து, பரிசீலிக்கிறோம் என்றார்கள். நிதானமாகப் பரிசீலியுங்கள், திங்கட்கிழமைதோறும் இதேபோல ஒன்று வந்துகொண்டிருக்கும் என்றார் வெங்கிடராமன். அந்தப் பெரியவர்கள் விசாரித்துப் பார்த்ததில், அவர் சொன்னால் செய்கிற ஆள் என்று கவுன்சிலர் உறுதியாகச் சொன்னாராம்.

ஐந்தாவது திங்கட்கிழமைக்குள் கூரைக்கு மேலே ஓலை வேய்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வந்தது. நாய்களை அவிழ்த்துவிட வேலி போட்ட முற்றம் வந்தது. பிடித்த இடத்தைப் பதிவேட்டில் எழுதாமல் எந்த நாயையும் உள்ளே எடுப்பதில்லை என்று முடிவானது. மனுவில் கேட்டிருந்த இரண்டாவது கொட்டகை மட்டும் பாக்கி. அதைக் கவனிக்க, சனிக்கிழமைதோறும் வந்து பார்க்கும் உரிமையை வெங்கிடராமனும் அங்கம்மாளும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை முற்றத்தில் நின்று அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, கண் தெரியாத கிழட்டுப் பெட்டை நாய் ஒன்று மோப்பம் பிடித்தபடி வந்து, அவர் செருப்புக் காலின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவருக்கு வேர்த்துவிட்டது.

“அங்கம்மா, இப்ப நான் என்ன பண்ணணும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம் சாமி. அது தூங்குது.”

கொஞ்ச நேரத்தில் சேவியர், சாயா ஆறிப்போகிறது, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார். வெங்கிடராமன் காலை அசைக்காமல், அதை இங்கேயே கொண்டுவரும்படி கையைக் காட்டினார்.