மூன்றாவது ஸ்லைடு

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாவரவியல் ஆய்வகத்தில், மைக்ராஸ்கோப்புக்கு அடியில். (இது பாதி உண்மை. மீதி கடைசியில்.)

முதல் வரி இப்படி இருந்தது: 'பூக்கும் தாவரங்களில் திசுத்தொகுப்புகள் மூன்று. வெளியே தோல், இடையில் தளம், அதற்குள் நீரும் உணவும் ஓடும் குழாய்கள், இவற்றுள்...'

ஆளே இல்லாத கதையை யார் படிப்பார்? விட்டுவிட்டேன்.

2

ஆள் வந்தாயிற்று. ஆய்வக உதவியாளர், எல்லாருக்கும் அக்கா. செய்முறைத் தேர்வுக்குத் தண்டையும் வேரையும் பிளேடால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, ஸ்லைடு போடுபவள். மூன்றாவது ஸ்லைடு வருஷாவருஷம் தண்டு. மாணவர்கள் லென்ஸில் கண் வைப்பதே ஒரு மரியாதைக்குத்தான்.

அன்று சீவல்கள் இரண்டு கிண்ணங்களில் மிதக்கும்போது மகள் போன் செய்தாள். பேசிவிட்டு வந்த அக்கா கிண்ணம் மாற்றி எடுத்துவிட்டாள். மூன்றாவதில் வேர் போய் உட்கார்ந்தது.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் 'தண்டு' என்று எழுதினார்கள். 'சந்தேகம்' என்று வகுப்பில் பெயரெடுத்த பெண் மட்டும் 'வேர்' என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணில் ஃபெயிலானாள்.

3

[இங்கே அக்காவை அழவைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை.]

"அக்கா, அது வேர்தான். தண்டுன்னா தண்ணி போற சைலமும் சாப்பாடு போற ஃபுளோயமும் ஒரே கத்தையா சேர்ந்திருக்கும். இதுல தனித்தனியா, மாறி மாறி இருந்துச்சு."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஊரோட ஒத்துப் போம்மாங்கிறாரு. நான்தான் தப்பா பாத்துட்டேனாக்கா?"

அக்கா ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். வேரேதான். சொன்னால் வேலைக்கு உலை. முப்பத்தொன்பது பேரின் மதிப்பெண்ணும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் இனிமேல் தன் கண்ணையே நம்பமாட்டாள்.

"நாளைக்குக் காலையில வா" என்றாள்.

4

முடிவு அ: அக்கா சாரிடம் போய்ச் சொல்கிறாள்.

முடிவு ஆ: ஸ்லைடைக் கழுவுகிறாள். தொட்டியில் கொஞ்சம் சிவப்பாகத் தண்ணீர் போகிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

5

மீதிப் பாதி: அந்த முப்பத்தொன்பதில் நான் ஒருவன். (அக்காவின் மனசுக்குள் நடந்தது மட்டும் என் கற்பனை.) நானும் லென்ஸில் கண் வைத்தேன். வேர் தெரிந்தது. 'தண்டு' என்று எழுதினேன். இன்னொருத்தன் 'வேர்' என்று எழுதியிருந்தால் சார் ஒருதரம் குனிந்து பார்த்திருப்பார்.

விடிந்துவிட்டது. அக்கா ஸ்லைடோடு ஆய்வக வாசலில் நிற்கிறாள். அந்தப் பெண் படியேறி வருகிறாள். இந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. நீங்கள் குனிந்து பாருங்கள்.

பார்த்ததை எழுதுங்கள்.