ஏழாவது குறிப்பு

1

இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை, தபாலில் வந்தது. பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு வாராவாரம் வீட்டுக்குறிப்பு எழுதுகிறவள் நான். சட்டைக் கறையைப் போக்குவது, எறும்பை விரட்டுவது, குளியலறை வழுக்காமல் பார்த்துக்கொள்வது. கதை எழுதிப் பழக்கமில்லை. போன மழைக்காலத்தில், சுருட்டை முடிக்கு மருந்து போட்டு நேராக்குவது பற்றி 'தலைக்கு இதமாக, வீட்டிலேயே' என்ற தலைப்பில் பத்துக் குறிப்புகள் எழுதினேன். அதைப் படித்த ஒரு பெண் நான்கு பக்கத்தில் கடிதம் போட்டிருந்தாள்.

அவளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பதில் வராமல் கதை வருகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'வாஸ்லின் டப்பாவைத் திறந்தபோதே அண்ணியின் மனசுக்குள் ஏதோ ஒன்று...'

(இல்லை. கடிதம் போட்டவள்தான் இந்த அண்ணி. அவள் மனசுக்குள் ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் டப்பாவை மூடிவைத்திருப்பாள், எனக்கும் வேலை மிச்சம்.)

இரண்டாவது: 'நாத்தனாருக்குப் பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி.' (பிறப்பிலிருந்து ஆரம்பித்தால் எப்போது கரையேறுவது?)

மூன்றாவது இருக்கட்டும்:

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி குளியலறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டாள். நாத்தனார் பழைய துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது. வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். குனிந்தால் உச்சந்தலைதான் எதிராளிக்குத் தெரியும். முடியைக் கொஞ்சம் படிய வைக்கக் கூடாதா என்று முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அண்ணிக்குச் சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரி போடுகிற வேலை. "ஊரான் சட்டையையெல்லாம் நேராக்கற கை, உன் தலைய நேராக்காதா?" என்பாள்.

"ரெண்டு நாளா தலைக்குக் குளிக்கலையே?"

"இல்ல அண்ணி. சொறியக்கூட இல்ல. கனவுல மட்டும் சொறிஞ்சேன்."

"கனவுல சொறிஞ்சா காயமாகாது. குனி."

நெற்றியோரம், காதுமடல், பிடரி, வகிடு எங்கும், மருந்து தோலில் படாமலிருக்க, அண்ணி வாஸ்லினைத் தடவினாள். முடியை நான்காகப் பிரித்தாள். கையுறை மாட்டினாள். போன தடவை நேராக்கிய முடியைத் தொடாமல், புதிதாக முளைத்த இரண்டு விரற்கடை நீளத்துக்கு மட்டும் சீப்பின் முதுகால் மருந்தைப் பூசினாள். அழுந்தத் தேய்க்கவில்லை. அவ்வளவு பக்குவமான கை. இதை நான் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன். என் சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நாத்தனார் பாத்திரம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. மருந்தில் தலை எரிகிறது, இவள் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எரிந்தால் எரிகிறது என்று உடனே சொல்வதற்கென்ன? வாயில்லாப் பூச்சியா? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பேசிச் சம்பாதிக்கிறவள்தானே? இவளை நம்பவைக்க என்னால் முடியாது என்று பேனாவை மூடிவிட்டேன்.

பிறகு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.

அதற்கு முன் மூன்று தடவை மருந்து போட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் எட்டாவது நிமிஷத்திலேயே சுருட்டை "ஐயோ எரியுது" என்று துள்ளிக் குதித்தாள். அண்ணியும் பதறிப்போய்க் கழுவிவிட்டாள். முடி பாதி நேராகவும் பாதி சுருளாகவும் நின்றது. "பாதி இஸ்திரி போட்டுக் கரண்ட் போன சட்டை மாதிரி இருக்கே" என்று அண்ணன் சிரித்தான். சுருட்டையும் கூடவே சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆகவே நான்காவது தடவைக்கு ஆளுக்கொரு தீர்மானம். இவள் சும்மாவே கத்துகிறவள், கத்தினாலும் ஐந்து நிமிஷம் பொறுப்போம் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். (அந்தத் தைரியம் அவளுக்கு எதையோ படித்து வந்தது. எங்கே படித்தாள் என்பதை இப்போதைக்கு விடுங்கள்.) பாவம் அண்ணி, ஒவ்வொரு தடவையும் பாடுபட்டது வீணாகிறது, இந்தத் தடவை தாங்கவே முடியாது என்கிறபோதுதான் வாயைத் திறப்பேன் என்று சுருட்டை நினைத்துக்கொண்டாள்.

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

4

பன்னிரண்டாவது நிமிஷம்.

"எரியுதாடி?"

"லேசா."

பதினைந்தாவது நிமிஷம். சுருட்டையின் கால் விரல்கள் தரையைப் பிறாண்டுவதை அண்ணி பார்த்தாள்.

"அண்ணி, எரியுது."

"அஞ்சே நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கோ. இன்னிக்கு அழகா வந்திருக்கு, கெடுத்துடாத."

"சரி அண்ணி."

(இந்த 'சரி அண்ணி'யை நான் ஆறு முறை எழுதி அடித்தேன். ஒரு முறை அவளை எழுந்து ஓடவைத்தேன். ஒரு முறை கதவு தட்டப்பட்டது, யாரோ வந்து... ஒரு முறை குழாயில் தண்ணீர் நின்றுவிடப்போகிறது என்று அண்ணி முன்னாடியே கழுவப் போனாள். எதுவும் நடக்கவில்லை. அவள் சரி என்றுதான் சொன்னாள்.)

கழுவினார்கள். கூடவே வரும் ஷாம்பூவைப் போட்டால், தலையில் மருந்து மிச்சமிருக்கும்வரை நுரை இளஞ்சிவப்பாக வரும், முழுக்கப் போனபின் வெளுக்கும். நுரை வெளுக்கும்வரை அண்ணி விடாமல் கழுவினாள். நுரையோடு உச்சியிலிருந்து ஒரு கற்றை முடியும் கையோடு வந்துவிட்டது. அடியில் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும்.

வேர் வெந்துபோயிருக்கிறது, அந்த இடத்தில் முளைப்பது கஷ்டம் என்றார் தோல் டாக்டர்.

இப்போது சுருட்டை தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். முன்கடையில் அவளுக்கு இடமில்லை. பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறாள். வீட்டுக்கு வந்தால் சாவி எங்கே, பால் வந்ததா என்பதோடு சரி. ஒரு வார்த்தை திட்டவில்லை. 'திட்டியிருந்தா தாங்கியிருப்பேன், அவ எனக்கு மறுபடியும் மரியாதை கொடுக்க ஆரம்பிச்சுட்டா, புதுசா கல்யாணமாகி வந்தப்ப கொடுத்த மாதிரி' என்று அண்ணி எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

5

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். முதலில் மருந்துக் கம்பெனியைப் பிடித்தேன். தேதி தாண்டிய சரக்கு என்று ஒரு பக்கம் எழுதினேன். தேதி தாண்டவில்லை, அட்டைப் பெட்டியின் தேதியையும் அவள் எழுதி அனுப்பியிருந்தாள். அடுத்து கடிகாரம் மெதுவாக ஓடியது என்று எழுதிப் பார்த்தேன். அப்புறம் முதலாளி. அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்று மூன்று பத்தி காரமாக எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தோடு, பத்திரிகையிலிருந்து வெட்டிய என் பத்துக் குறிப்புகளையும் அவள் இணைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் ஒரு டிக். இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், டிக். சொறியக் கூடாது, டிக். வாஸ்லின், டிக். புது முடிக்கு மட்டும், டிக். பத்துக்குப் பத்து. கடைசிப் பக்கத்தில், குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், ஒரு கேள்வி: 'நான் எதை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அவகிட்ட சொல்லணும்.'

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் பத்துக் குறிப்பு கேட்டிருந்தார். என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. பார்லர் நடத்தும் ஒரு தோழியிடம் தொலைபேசியில் கேட்டதும், அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்ததும் சேர்த்து ஒன்பது. பத்தாவதை நானே போட்டேன். கடைசியில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும் என்று நடுவில் செருகினேன், ஏழாவதாக:

'லேசாக எரிந்தால் பதற வேண்டாம். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்துக் கழுவலாம்.'

இதை அண்ணி சுருட்டைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாளாம். என் முடி கோரை முடி, சுருளே கிடையாது. ஒருநாளும் நான் மருந்து போட்டதில்லை. அந்தப் பெட்டித் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது, எரிந்தால் உடனே கழுவு என்று. அது வாசகிகளைப் பயமுறுத்தும் என்று நான்தான் விட்டுவிட்டேன். தலைப்பில் 'இதமாக' என்று இருந்ததல்லவா?

ஐந்து நிமிஷம் பொறு என்றது அண்ணிதான், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அதை என் வாயிலிருந்து எடுத்துச் சொன்னாள்.

6

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

அ) ஆறு மாதம் கழித்து, வழுக்கை விழுந்த இடத்தில் பூனைமுடி போல ஒன்று முளைக்கிறது. சுருட்டை ஓடிவந்து அண்ணியிடம்... (டாக்டர் என்ன சொன்னார் என்று மேலே எழுதியிருக்கிறேன். பொய் சொல்வதில் எனக்குத் தேர்ச்சி உண்டு, இந்தத் தடவை வேண்டாம்.)

ஆ) சுருட்டை மொட்டையடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து முன்கடைக்குப் போகிறாள். (பத்திரிகைக்குப் பிடிக்கும். அந்தத் துணிச்சலை நான் அவளிடம் எந்த உரிமையில் கேட்பது?)

இ) 'அன்புள்ள சகோதரிக்கு, ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்பதால்...' இது கதையின் முடிவல்ல. என் பதிலின் முதல் நகல். இப்படி நான்கு நகல்கள் இருக்கின்றன. அவற்றை எழுதாமல் தப்பிக்கத்தான் கதை எழுதினேன். கடிதம் வந்து பதினொரு வாரம் ஆகிறது.

இன்று காலை தபாலில் போட்டது இவ்வளவுதான்:

'நீங்கள் எதையும் விடவில்லை. ஏழாவது குறிப்பு நானாக எழுதியது, அது தப்பு. எரிந்த உடனே கழுவியிருக்க வேண்டும். முதல் மூன்று தடவை நீங்கள் பதறிப்போய்க் கழுவினீர்களே, அதுதான் சரி. இதை உங்கள் நாத்தனாரிடம் காட்டுங்கள். அவர் என்னைத் திட்டி எழுதினால் வாங்கிக்கொள்வேன்.'

அதைப் படித்துவிட்டுச் சுருட்டை பழையபடி சமையலறைக்கு வந்து உட்காருவாளா, யார் எழுதினால் என்ன, கை உங்களுடையதுதானே என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துவாளா என்று கேட்பீர்கள். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன். பார்க்காத தலையைப் பற்றி நான் ஒருமுறை எழுதியாயிற்று.