பழத்தோட்டம் சாலைக்கு எந்தப் பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் பாதி எனக்குப் பல் மருத்துவமனையில் சும்மா கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நில அளவையாளர். வலியை மறக்கப் பேசிக்கொண்டே இருந்தார். பழைய போர்க்களம் ஒன்றை, போர் நடந்த காலையில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவருவது அவர் வேலை. போருக்குப் பிறகு முளைத்த மரங்களை வெட்ட வேண்டும், அன்று இருந்த மரங்களை நட வேண்டும், மின்கம்பிகளை மண்ணுக்கடியில் அனுப்ப வேண்டும். கதை சூடுபிடித்த நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும். எனக்கும் வேறு வேலை இல்லை.

2

முதல் தொடக்கம்: "பீரங்கிப் புகை விலகியபோது அந்த வயலில்..."

[நான் பார்த்த பெரிய புகை, அடுப்பில் பால் தீய்ந்தபோது வந்ததுதான். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "வரலாறு என்பது..."

[இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.]

மூன்றாவது: "அளவையாளருக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை." இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

அளவையாளருக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒன்பதே நாள். சாலைக்குக் கிழக்கே நூற்று நாற்பது பேரிக்காய் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. அன்றைய போரில் அதிகம் பேர் விழுந்தது பழத்தோட்டத்துக்குள்தான் என்பதால், அது சரியாக அமைந்தால் எல்லாம் அமைந்த மாதிரி.

ஆதாரம் வடக்கு நோக்கி எடுத்த ஒரே ஒரு புகைப்படம். நடுவில் நேர்ச்சாலை, வலப்பக்கம் தோட்டம், முன்னால் ஆறு சிப்பாய்கள். மரங்களை மூன்று வருடம் வளர்த்துக் கொடுத்தவர் அளவையாளரின் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். "மேற்குப் பக்க மண்ணுதான் பேரிக்குச் சரிப்படும் அண்ணி" என்று சொல்லிப் பார்த்தார். "படத்துல கிழக்கதானே இருக்கு" என்று அண்ணி வாயை அடைத்துவிட்டார்.

அப்போதுதான் தையல்காரர் கூப்பிட்டார். விழாவில் நடிகர்கள் போட்டுக்கொள்ளும் சிப்பாய் உடுப்புகளை, அதே படத்தைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தவர்.

"மேடம், ஒரு சந்தேகம். அந்தக் காலத்துல ஆம்பளைங்க சட்டைக்கும் பொம்பளைங்க சட்டை மாதிரி இடது பக்கம்தான் பட்டன் வைப்பாங்களா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"படத்துல ஆறு பேருக்கும் அப்படித்தான் இருக்கு. ஒருத்தருக்குன்னா தைச்சவன் தப்புன்னு விட்டுடலாம். ஆறு பேருக்குமா?"

அளவையாளர் படத்தை எடுத்துக்கொண்டு அலுவலகக் கழிவறைக்குப் போனார். கண்ணாடி முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் பட்டன்கள் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டன. தோட்டமும் சாலையைத் தாண்டி மேற்கே போய் நின்றுகொண்டது.*

* கண்ணாடித் தகட்டில் எடுத்த படம். யாரோ ஒருவர் தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சமவெளி, யாருக்குச் சந்தேகம் வரும்?

4

இதுவரைதான் அவர் சொன்னது. உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தையல்காரர் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. கதைக்குத் தேவைப்படும்போது சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கிறார். ஆனால் அவரை நான் உண்டாக்கவில்லை, பழி என்மேல் இல்லை.

இனி வரும் அளவையாளர் முழுக்க என் கற்பனை. ஆகவே உரிமையோடு "அவள்" என்கிறேன். நாத்தனாருக்கும் அதேதான்.

முடிவு அ: அவள் வாயே திறக்கவில்லை. விழா ஜாம்ஜாமென்று நடந்தது. [எழுதியபின் எனக்கே தூக்கம் வரவில்லை.]

முடிவு ஆ: அவள் தலைமை அலுவலகத்துக்கு ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள். எல்லோரும் எழுந்து நின்று... [நான் அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.]

5

மறுநாள் மதியம் அவள் தோட்டத்துக்குப் போனாள். நாத்தனார் குழாயைப் பிடித்து மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

அண்ணி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் குழாயைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மேற்குன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"மூணு."

"நாலு. சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னேன்."

அளவையாளரும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. [அழவிடலாமா என்று யோசித்தேன். மூன்று வருட உழைப்பு, அழட்டும்.]

"தலைமை அலுவலகத்துல சொன்னா, பிடுங்கி அந்தப் பக்கம் நடச் சொல்லுவாங்க. என் வேலையும் போயிடும். அது கிடக்கட்டும், மரம் பிழைக்குமா?"

"இப்பதான் வேர் பிடிக்குது. பாதி செத்துப்போயிடும்." நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சொல்லலைன்னா?"

நாத்தனார் மரத்தின் அருகே போனாள். கிளையில் வந்திருந்த தளிரைத் தடவிப் பார்த்தாள்.

"சொல்லலைன்னா, வர்றவங்க எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துத் தலை குனிஞ்சு நிப்பாங்க அண்ணி. செத்தவங்க அந்தப் பக்கம்ல கிடந்தாங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் வெறும் புல்தான் இருந்தது. 

6

தோட்டத்தில் நிற்கப்போகும் அறிவிப்புப் பலகையின் வாசகத்தை அன்று ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி நாலே முக்கால். அவள் கைபேசியை எடுத்துத் தட்டுகிறாள். நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

இதை நான் முடிப்பது நியாயமில்லை. சாகப்போவது என் மரம் இல்லை, போகப்போவது என் வேலையும் இல்லை. எனக்கு நல்லவனாக இருப்பது ரொம்பச் சுலபம். நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அந்தப் புல்லையும் பார்த்துவிட்டீர்கள். ஒரே ஒரு சொல்தான் பாக்கி, அதை நீங்களே போடுங்கள்.

"பலர் உயிர்விட்ட பழத்தோட்டம் இந்தச் சாலைக்கு